பெர்ன்காஸ்டல்-கூஸில் 12 நாள்: கிளம்புவதற்கு முன்

“செப்டம்பர் கடைசியில் அப்பா அம்மாவுடன் ஜெர்மனி வருகிறோம். மோசல் ஆற்றங்கரையில் பெர்ன்காஸ்டல்-கூஸ் என்ற சின்ன ஊரில் 12 நாளுக்கு ஒரு வீடு எடுத்திருக்கிறோம். பார்க்க வேண்டிய இடங்கள் நாங்களே தேடி வைத்துவிட்டோம். அன்றாட வாழ்க்கை அங்கே எப்படி இருக்கும், எங்கே தடுமாறுவோம்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த ஊரில் கூஸ் பக்கம் 11 வருடமாகக் குடியிருக்கிறேன். வந்த சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு சுற்றியிருக்கிறேன்; அவர்கள் செய்த கூத்துக்கு அக்கம்பக்கத்தில் மன்னிப்பும் கேட்டிருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் ஊர் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் ஆறு. மறுபக்கம் ஏணி வைத்தாற்போல் எழும்பும் மலைச்சரிவு. நடுவில் புடவைக் கரை அகலத்துக்கு ஒரு துண்டு நிலம். வீடு, கடை, தேவாலயம், சாலை, சந்தைத் திடல் எல்லாம் அதற்குள்தான். மலை முழுக்கத் திராட்சை. அந்த நிலத்தில் வீடு கட்ட யாரும் நினைத்தும் பார்க்க மாட்டார்கள். கீழே இறங்கினால் ஆறு விடாது. 1291-இல் நகர உரிமை பெற்ற ஊர் இது. அன்றிலிருந்து இன்றுவரை இந்த இடுக்கில்தான் வாழ்கிறார்கள்.

நம் ஊரில் ஒண்டுக்குடித்தனம் என்று சொல்வோமே, ஒரே வாசல், ஒரே முற்றம், ஏழெட்டுக் குடும்பம்? பெர்ன்காஸ்டல் சுமார் 7,000 பேர் வாழும் ஒரு ஒண்டுக்குடித்தனம். ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும்: யார் எப்போது குழாயடிக்குப் போவது, ராத்திரி எத்தனை மணிக்கு ரேடியோவை நிறுத்துவது என்று எழுதாத சட்டம் நூறு இருக்கும். ஜெர்மானியர்கள் அதை எழுதியும் வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். “என்ன இவ்வளவு கெடுபிடி” என்று எரிச்சல் வரும்போதெல்லாம் இதை நினைத்துக்கொண்டால் பாதிக்கு மேல் விளங்கிவிடும்.

சந்தைத் திடலுக்குப் பக்கத்தில் ஸ்பிட்ஸ்ஹாய்ஸ்ஷென் என்று ஒரு வீடு இருக்கிறது. 1416-இல் கட்டியது. எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுப்பார்கள். கீழ்த்தளம் ஒரு பெட்டிக்கடை அகலம்தான். மாடி மட்டும் நாலாபக்கமும் வெளியே துருத்திக்கொண்டு, தலை பெருத்த காளான் மாதிரி நிற்கும். கீழே சந்தில் வண்டி போக வழி விட்டாக வேண்டும், மேலே மனிதர் படுக்க இடம் வேண்டும். இந்த ஊரின் முழுக் கதையும் அந்த ஒரு வீட்டில் இருக்கிறது.

பெயரில் ஏன் இரண்டு ஊர் என்றால், உண்மையிலேயே இரண்டு ஊர்தான். வலது கரையில் பெர்ன்காஸ்டல், எதிர்க்கரையில் கூஸ், நடுவே பாலம். 1905-இல்தான் ஒன்றாகச் சேர்த்தார்கள். அழகெல்லாம் பெர்ன்காஸ்டல் பக்கம். மரச்சட்டங்கள் வெளியே தெரியும் பழைய வீடுகள், 1608-இன் நகரமன்றம், கல் பாவிய சந்துகள். பெரிய கடைகளும் விசாலமான வீடுகளும் கூஸ் பக்கம். வயதானவர்களோடு வருவதால், வீடு கூஸில் என்றால் நிம்மதி. கல் பாவிய தெருவில் மழைக்குப் பிறகு நடப்பது முழங்கால் வலிக்காரர்களுக்குச் சோதனை.

வந்து சேர்வதைப் பற்றி. ஊரில் ரயில் நிலையம் கிடையாது. முன்பு ரயில் வந்தது. அந்தப் பாதை இப்போது மாரெ-மோசல் என்ற சைக்கிள் தடம், டாவுன் என்ற ஊர் வரை 58 கிலோமீட்டர் போகிறது. ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்திலிருந்து கோப்ளென்ஸ், அங்கிருந்து விட்லிஷ், விட்லிஷிலிருந்து பேருந்து. எல்லாம் சேர்த்து நாலு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் சேர்ந்து சுற்றும் நாளுக்கு ரைன்லாந்து-ஃபால்ஸ் மாநில நாள் சீட்டு லாபம். ஐந்து பேர் வரை ஒரே சீட்டில் போகலாம், ஆனால் வார நாளில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும். விரைவு ரயிலில் ஏற முடியாது. ஞாயிற்றுக்கிழமைப் பேருந்துகள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான். முந்தின நாளே நேரம் பார்த்து வையுங்கள்.

காரில் வருவதாக இருந்தால் ஒன்று. ஆற்றோரமாக நீளமாக வண்டி நிறுத்தும் இடம் இருக்கிறது. இடம் காலியாக இருக்கிறதே என்று குளிர்காலத்தில் ஒரு நண்பர் நிறுத்திவிட்டுத் தூங்கப் போனார். காலையில் சக்கரம் பாதி தண்ணீரில். எச்சரிக்கைப் பலகை பக்கத்திலேயே இருந்தது, ஜெர்மனில். உங்களுக்குச் செப்டம்பரில் அந்தப் பயம் இருக்காது. ஆனால் ஆறு இங்கே எல்லாவற்றுக்கும் எஜமானன் என்பதைச் சொல்ல வேண்டுமே.

ஆற்றைப் பார்த்தால் உங்களுக்கு அப்படித் தோன்றாது. ஏரி மாதிரி அசையாமல் கிடக்கும். அதற்குக் காரணம் இருக்கிறது. 1956-இல் ஜெர்மனி, பிரான்ஸ், லக்சம்பர்க் மூன்றும் ஒப்பந்தம் போட்டு, பெரிய சரக்குக் கப்பல் போவதற்காக மோசல் முழுக்கத் தடுப்பணைகளும் நீர்ப்பூட்டுகளும் கட்டின, 1964-இல் திறந்தார்கள். ஆகவே கோடையிலும் தண்ணீர் ஒரே மட்டம். சரக்குக் கப்பல்கள் சத்தமே இல்லாமல் ஜன்னலுக்கு வெளியே நகர்ந்து போகும். பக்கத்து ஊர் ஸெல்டிங்கனில் ஒரு நீர்ப்பூட்டு இருக்கிறது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் அரைமணி நேரம் நில்லுங்கள். தொட்டிக்குள் கப்பலை விட்டு, கதவடைத்து, தண்ணீரை ஏற்றி இறக்கி அனுப்புவது காசில்லாத வேடிக்கை. 2024 டிசம்பரில் கீழே ம்யூடன் என்ற இடத்தில் ஒரு கப்பல் பூட்டின் கதவில் மோதி, மேற்புறம் 70 கப்பல்கள் வாரக்கணக்கில் சிக்கிக்கொண்டன. அதுவரை அந்தக் கதவுகளைப் பற்றி யோசிக்காதவர்கள் எல்லாம் அந்த மாதம் முழுக்க அதையே பேசினார்கள்.

அணை இருக்கிறதே, வெள்ளம் வராது என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளத்தின்போது மதகுகளைத் திறந்துவிடுவார்கள். தடுத்து நிறுத்தும் சக்தி அவற்றுக்குக் கிடையாது. நமக்கு ஆறு பெருகுவது ஆடியில், அதற்குச் சோறு கட்டிக்கொண்டு கரைக்குப் போவோம். இங்கே பெருகுவது குளிர்காலத்தில். மலைகளில் பனி உருகும்போது மழையும் சேர்ந்தால் தீர்ந்தது. நடக்கும்போது வீட்டுச் சுவர்களின் மூலைக்கல்லைக் கவனியுங்கள். கோடு கோடாக வருடம் பொறித்திருக்கும். இந்த ஆற்றங்கரை ஊர்களில் பல இடங்களில் உச்சியில் இருப்பது 1784. அந்தப் பிப்ரவரியில் உறைந்த ஆறு உடைந்து பனிப்பாளங்களோடு வந்தது. அதற்குக் கீழே, நினைவுள்ளவர்கள் இன்னும் உயிரோடு இருக்கும் கோடு, 1993. கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் இருக்கும்போது ட்ரியர் நகரத்தில் ஆற்றின் அளவுகோல் 11 மீட்டரைத் தாண்டியது. ஒரு வருடம் கழித்து 1995 ஜனவரியில் மறுபடியும்.

என் பக்கத்து வீட்டுப் பாட்டி இதைச் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. வெள்ளம் வரும் முன் என்ன செய்வார்கள் என்பது ஓரளவு ஊகிக்கக்கூடியது: சாமானை மாடிக்கு ஏற்றுவது, கதவில் பலகை அடைப்பது, எண்ணெய்த் தொட்டி மிதந்து கவிழாமல் கட்டி வைப்பது. வெள்ளம் வடியும்போது என்ன செய்வார்கள் தெரியுமா? தூங்க மாட்டார்கள். தண்ணீர் ஒவ்வொரு படியாக இறங்க இறங்க, அதே ஆற்றுத் தண்ணீரைக் கொண்டே சுவரையும் தரையையும் கழுவிக்கொண்டு பின்னாலேயே போவார்கள், ராத்திரி இரண்டு மணியானாலும். விட்டுவிட்டால் சேறு காய்ந்து சிமெண்ட் ஆகிவிடும். அப்புறம் மண்வெட்டியால்தான் கொத்த வேண்டும். “ஆறு கொண்டுவந்ததை ஆற்றின் கையிலேயே கொடுத்தனுப்பணும்” என்றார் பாட்டி. ஆற்றோரத்துப் பழைய வீடுகளின் கீழ்த்தளத்தில் ஏன் மரத்தரை இல்லாமல் ஓடு பதித்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

இந்த வேலையை ஒரு குடும்பம் தனியாகச் செய்ய முடியாது. அதனால்தான் இங்கே பக்கத்து வீட்டுக்காரரோடு பகை வைத்துக்கொள்வது சுலபம் இல்லை. தீயணைப்புப் படையும் சம்பளம் இல்லாத தொண்டர்கள்தான். காலையில் உங்களுக்கு ரொட்டி விற்றவரும் பள்ளி ஆசிரியரும் சைரன் ஊதினால் ஓடிப் போய்ச் சீருடை மாட்டிக்கொள்வார்கள். சைரன் கேட்டுப் பயப்படாதீர்கள். செப்டம்பர் இரண்டாம் வியாழக்கிழமை காலை 11 மணிக்கு நாடு முழுக்க ஒத்திகை உண்டு. நீங்கள் வருவது அதற்குப் பிறகு. கைபேசிக்கே நேரடியாக எச்சரிக்கை அனுப்பும் முறையும் 2023 முதல் வந்துவிட்டது. 2021 ஜூலையில் இங்கிருந்து வடக்கே ஆர் பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்து ஒரே இரவில் 130 பேருக்கு மேல் இறந்த பிறகு, இதையெல்லாம் யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

சரி, இனி உங்கள் 12 நாளுக்கு வருவோம்.

வணக்கம் சொல்வது. ரொட்டிக் கடைக்குள் நுழைந்ததும், யாரைப் பார்த்து என்றில்லாமல், பொதுவாக “மோர்கன்” என்று சொல்ல வேண்டும். வரிசையில் நிற்பவர்களும் பதில் சொல்வார்கள். வெளியே வரும்போது “ச்சூஸ்”. மருத்துவரின் காத்திருப்பு அறையிலும் இதே கதைதான். திராட்சைத் தோட்டத்துப் பாதையில் எதிரே வருகிறவருக்கும் சொல்லணும். பெரிய நகரத்தில் யாரும் இப்படிச் சொல்வதில்லை. இங்கே சொல்லாமல் போனால், “யாரோ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போகிறார்கள்” என்று ஆகிவிடும். நம்மவர்கள் புன்னகைத்துவிட்டுப் போவார்கள். வாய் திறந்த வணக்கத்துக்கு அது ஈடாகாது. அம்மாவுக்கு அந்த இரண்டு சொல்லையும் சொல்லிக் கொடுங்கள், மூன்றாம் நாள் கடைக்காரம்மா அவர்களுக்கு மட்டும் ஒரு சிரிப்பு எடுத்து வைத்திருப்பார்.

சத்தம். ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஊர் தூங்கும். ஞாயிறு முழுக்க ஓய்வு: புல் வெட்டும் இயந்திரம், துளைபோடும் இயந்திரம் எதுவும் ஓடாது. காலி பாட்டிலைக் கண்ணாடித் தொட்டியில் போடுவதும் ஞாயிற்றுக்கிழமை கூடாது. உடையும் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். விடிகாலை விமானத்துக்காகச் சக்கரப் பெட்டியைக் கல் தெருவில் இழுத்துக்கொண்டு போவதைத்தான் இங்கே ஆகப் பெரிய பாவமாகச் சொல்வேன். சந்துக்குள் ரயில் புகுந்தது மாதிரி இருக்கும். தூக்கிக்கொண்டு போங்கள்.

சமையல். வீடுகளில் புகை உணரும் கருவி கட்டாயம். என் அத்தை வந்த முதல் நாள் மிளகாய் கிள்ளிப் போட்டுத் தாளித்தார். கூரையில் இருந்த வட்டமான டப்பா அலறியது, எதிர்வீட்டுக்காரர் தீயணைப்பானோடு வந்து நின்றார். ரசத்தில் அவருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்துச் சமாளித்தோம். ஜன்னலை முழுக்கத் திறந்து வைத்துத் தாளியுங்கள், அடுக்களைக் கதவைச் சாத்திவிடுங்கள். கறிவேப்பிலையும் நல்ல பருப்பும் வேண்டுமென்றால் ட்ரியர் நகரத்து ஆசியக் கடைகளுக்குத்தான் போக வேண்டும். ஊரில் கிடைப்பது மஞ்சள்தூளும் பாஸ்மதியும்.

கடை. ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட் கிடையாது. ரொட்டிக் கடைகள் சில காலையில் இரண்டு மூன்று மணி நேரம் திறக்கும். உங்கள் பயணத்துக்குள் அக்டோபர் 3 வருகிறது, ஜெர்மனி ஒன்றான நாள், தேசிய விடுமுறை. அது சனிக்கிழமையிலோ திங்களிலோ விழுந்தால் தொடர்ந்து இரண்டு நாள் கடை இல்லை. முந்தின நாள் மாலை பால், ரொட்டி, தயிர் வாங்கி வைத்துவிடுங்கள். அன்றைக்குக் கடையில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் ஊருக்கு முற்றுகை வந்ததோ என்று தோன்றும்.

குப்பை நாலு வகை: காகிதம், பொட்டலக் கழிவு, சமையல் கழிவு, மற்றவை. வீட்டுக்காரர் ஒரு தாள் ஒட்டியிருப்பார், படித்துவிடுங்கள். பாட்டில்களைத் தூக்கிப் போடாதீர்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 சென்ட் முன்பணம் பிடித்திருப்பார்கள். சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும், அதைக் கல்லாவில் கொடுத்தால் கழித்துக்கொள்வார்கள். பீர் பாட்டிலுக்குப் பெரும்பாலும் 8 சென்ட். குழாய்த் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் உணவகத்தில் தண்ணீருக்கும் காசு, அதுவும் கேட்காவிட்டால் சோடாத் தண்ணீர்தான் வரும்.

பணம். கையில் ரொக்கம் வையுங்கள். அட்டை வாங்காத சின்ன உணவகங்கள் இன்னும் உண்டு. டிப்ஸ் மேஜையில் வைத்துவிட்டுப் போவதில்லை. பணம் கொடுக்கும்போதே கூட்டிச் சொல்வார்கள். 27 யூரோ பில் என்றால் “30” என்று சொல்லி நோட்டை நீட்டுவது வழக்கம்.

சாப்பாட்டு நேரம் பலருக்குச் சிக்கல். சூடான சாப்பாடு மதியம் 12 முதல் 2 வரை, மாலை 6 முதல் 8.30 அல்லது 9 வரை. மூன்று மணிக்குப் பசியோடு போனால் கிடைப்பது காபியும் கேக்கும். இதற்கு நான் குறை சொல்ல மாட்டேன். பிளம் பழக் கேக் அந்த மாதத்தில்தான் வரும். சைவம் என்றால் “ஓனெ ஃப்ளைஷ்” (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் போதாது. பன்றி இறைச்சித் துணுக்கை “சும்மா சுவைக்கு” என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தத் துணுக்குக்குப் பெயர் “ஸ்பெக்”; அதுவும் இல்லாமல் என்று சேர்த்துச் சொல்லுங்கள். உருளைக்கிழங்கைத் துருவிப் பொரிக்கும் அடை ஒன்று உண்டு, ரைபெகூஹன் என்பார்கள், ஆப்பிள் கூழோடு தருவார்கள். அப்பா முதலில் முகம் சுளிப்பார், அப்புறம் இன்னொன்று கேட்பார்.

இப்போது நீங்கள் வரும் காலத்தின் விசேஷம். செப்டம்பர் முதல் வாரக் கடைசியில் நடக்கும் பெரிய ஒயின் திருவிழாவை நீங்கள் தவற விடுகிறீர்கள். வருத்தப்படாதீர்கள், நல்லதுதான், அந்த நாலைந்து நாள் ஊரில் நிற்க இடம் இருக்காது. நீங்கள் வருவது அறுவடைக்கு. என்னைக் கேட்டால் வருடத்திலேயே ஊர் தன் இயல்பில் இருக்கும் காலம் அதுதான்.

சரிவுகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள். தரையில் மண் இல்லை, கருநீலப் பலகைக்கல் சில்லுகள். பகலில் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி கொடிக்குத் திருப்பிக் கொடுக்கும். இவ்வளவு வடக்கே, இவ்வளவு குளிரில் ரீஸ்லிங் திராட்சை பழுப்பதற்கு அந்தக் கல்லும், கீழே ஆற்றிலிருந்து எதிரொளிக்கும் வெளிச்சமும்தான் காரணம் என்பார்கள் வின்ட்ஸர்கள், அதாவது திராட்சை பயிரிட்டு ஒயினும் தாங்களே செய்யும் குடியானவர்கள். பழைய தோட்டங்களில் ஒவ்வொரு கொடிக்கும் தனித்தனிக் கம்பு. இரண்டு கிளையை இரு பக்கமும் வளைத்துக் கீழே கட்டியிருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வரிசை வரிசையாக இதய வடிவம். யாரோ அலங்காரத்துக்குச் செய்ததாக நினைத்தேன். சரிவில் கம்பியும் வரிசையும் போட்டால் குறுக்கே நடக்க வழி இருக்காது, தனிக் கம்பு என்றால் எந்தப் பக்கமும் நகரலாம். அதற்காகத்தான் என்று பிறகு தெரிந்தது.

அந்தச் சரிவில் டிராக்டர் ஏறாது. ஒற்றைத் தண்டவாளத்தில் பல்சக்கரம் கடித்து ஏறும் சின்ன வண்டி ஒன்று இருக்கும், ஆளும் கூடையும் அதில்தான். பறிப்பது கையால். போலந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் வருடா வருடம் அதே ஆட்கள் வருவார்கள். மாலையில் சாலையில் தொட்டி நிறையப் பழத்தோடு டிராக்டர் நத்தையாகப் போகும். பின்னால் ஹாரன் அடிக்காதீர்கள். ஊர் முழுக்கப் புளித்த வாசனை. ஒரு வின்ட்ஸர் பழத்தை நசுக்கி, ஒரு சொட்டுச் சாற்றைக் குழல் மாதிரி ஒரு கருவியில் விட்டு, வெளிச்சத்துக்கு எதிரே கண்ணில் வைத்துப் பார்ப்பதைக் கண்டால் நின்று கவனியுங்கள். எக்ஸ்லே என்ற அளவு அது. ஒரு லிட்டர் சாறு ஒரு லிட்டர் தண்ணீரைவிட எத்தனை கிராம் கனம் என்பதுதான் கணக்கு. 80 எக்ஸ்லே என்றால் 1,080 கிராம். அந்த எண்ணைப் பொறுத்து இன்று பறிப்பதா, மழை வருமுன் மூன்று நாள் சூதாடிப் பார்ப்பதா என்று முடிவு செய்வார்கள். அந்த நேரத்தில் பேச்சுக் கொடுக்காமல் இருப்பது உத்தமம்.

பழத்தைக் கை நீட்டிப் பறிக்காதீர்கள், ஒரே ஒரு பழம்தானே என்றாலும். அறுவடை நாட்களில் சில பாதைகளை மூடியும் வைப்பார்கள்.

தங்கள் வீட்டு ஒயினைத் தங்கள் வீட்டிலேயே விற்கும் கடைகள் சில, வாசலில் ஒரு துடைப்பமோ பூங்கொத்தோ தொங்கவிட்டிருக்கும். ஸ்ட்ராவுஸ்விர்ட்ஷாஃப்ட் என்று பெயர். வருடத்தில் நாலு மாதம் மட்டும், 40 இருக்கைக்கு மிகாமல், சொந்த ஒயினும் எளிய சாப்பாடும் என்று விதி. கொட்டகையிலோ முற்றத்திலோ நீள பெஞ்சு போட்டிருப்பார்கள். தனி மேஜைக்குக் காத்திருக்க வேண்டாம். காலி இடத்தைக் காட்டி “இஸ்ட் ஹியர் நோஹ் ஃப்ரை?” என்று கேட்டுவிட்டு, முன்பின் தெரியாதவர் பக்கத்தில் உட்கார வேண்டியதுதான். பேச்சு தானாக வரும். ஒயின் குடிக்காதவர்களுக்கு வீட்டுத் திராட்சைச் சாறு இருக்கும், கடைச் சாற்றோடு ஒப்பிடவே முடியாது. குடிக்காததை யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். குடிப்பவர் கார் ஓட்டக் கூடாது. சட்ட வரம்பு 0.5 புரோமில் (இரத்தத்தில் ஆல்கஹால் ஆயிரத்தில் 0.5 பங்கு) என்பதை நம்பி யாரும் கணக்குப் போட வேண்டாம்.

ஃபெடர்வைசர் பற்றி எச்சரிக்காமல் விட்டால் பாவம். பாதி நொதித்த, கலங்கலான, இனிப்பான புது ஒயின். இந்த இரண்டு மாதம் மட்டும் கிடைக்கும், வெங்காய அடையோடு சாப்பிடுவார்கள். நுரைக்கிற சர்பத் மாதிரி இறங்கும், எழுந்திருக்கும்போதுதான் கால் சொல்லும். பாட்டிலுக்குள் இன்னும் நொதித்துக்கொண்டே இருப்பதால் மூடியை இறுக்கி அடைக்க மாட்டார்கள்; அடைத்தால் வெடிக்கும். அதை நான் முதுகுப்பையில் படுக்க வைத்துப் பேருந்தில் ஏறினேன். முதல் திருப்பத்தில் முதுகு நனைந்தது, இரண்டாவது திருப்பத்தில் பேருந்து முழுக்க மணத்தது. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, ஒன்றும் சொல்லாமல், ஜன்னலை மட்டும் திறந்தார்.

கூஸ் பக்கம், பாலத்துக்கு அருகில், செயின்ட் நிக்கோலாஸ் மருத்துவமனை என்று ஒரு பழைய கட்டடம் இருக்கும். இதை இடப் பட்டியலில் சேர்க்காமல் வாழ்க்கைப் பட்டியலில் சேர்க்கிறேன். இந்த ஊரில் 1401-இல் பிறந்த நிக்கோலாஸ் கூசானுஸ் கார்டினல் ஆனார், தத்துவமும் கணிதமும் எழுதினார். 1458-இல் சொந்த ஊரில் வயதான 33 பேர் தங்கிச் சாகும்வரை வாழ ஒரு இல்லத்தை ஏற்படுத்தினார். இயேசு இறந்தபோது வயது 33 என்பதால் அந்த எண். செலவுக்குத் திராட்சைத் தோட்டங்களை எழுதிவைத்தார். இன்றைக்கும் அது முதியோர் இல்லம்தான். தோட்டமும் ஒயினும் இன்றைக்கும் அதற்குத்தான். உடல் ரோமில், இதயம் மட்டும் இங்கே தேவாலயத் தரைக்கடியில். 300-க்கும் மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகள் உள்ள அவருடைய நூலகமும் உள்ளே இருக்கிறது. போகும்போது குரலைத் தாழ்த்துங்கள். மாடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் அங்கே குடியிருப்பவர்கள், காட்சிப் பொருள் அல்ல.

கூட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீளமான சுற்றுலாக் கப்பல்கள் கரையில் கட்டி நிற்கும். காலை 10 மணிக்குக் கழுத்தில் அட்டை தொங்கக் கூட்டம் இறங்கும், மாலை 4 மணிக்குத் திரும்ப ஏறும். இடைப்பட்ட நேரத்தில் சந்தைத் திடலில் உள்ளூர்க்காரரைப் பார்ப்பது அரிது. ஆகவே பெர்ன்காஸ்டலை 9 மணிக்கு முன்னும் 5 மணிக்குப் பின்னும் பாருங்கள். காலையில் பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி நிற்கும், பாலத்தின் நடுவில் நின்றால் இரண்டு கரையும் தெரியாது. பத்து பதினோரு மணிக்குக் கலையும். அம்மாவுக்கு ஸ்வெட்டர் அவசியம். மதியத்தில் மேலே லாண்ட்ஸ்ஹூட் கோட்டைக்குப் போகலாம். 1692-இல் எரிந்த இடிபாடு, காரிலும் ஏற முடியும்.

உடம்புக்கு வந்தால்: அவசரம் 112. இரவிலும் வாரக் கடைசியிலும் அவசரமில்லாத மருத்துவ உதவிக்கு 116117. பாராசிட்டமால் கூடச் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்காது, மருந்தகத்தில்தான். மருந்தகம் மூடியிருந்தால் கதவில் ஒரு சீட்டு இருக்கும், அன்றிரவு எந்தக் கடை முறை என்று. அது பக்கத்து ஊராகவும் இருக்கலாம். அப்பா அம்மாவின் வழக்கமான மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு, இரண்டு வாரத்துக்கு மேலாகவே எடுத்து வாருங்கள்.

வீட்டுக்காரர் தங்குமிடப் படிவம் ஒன்றில் கையெழுத்துக் கேட்டால் பதற வேண்டாம். 2025 முதல் ஜெர்மானியர்களுக்கு அது இல்லை, வெளிநாட்டவருக்கு இன்னும் உண்டு.

கடைசியாக, நீங்கள் கிளம்பும் நாள் அக்டோபர் 3 என்றால், அன்று பேருந்து ஞாயிற்றுக்கிழமை அட்டவணைப்படி ஓடும். விட்லிஷ் வரைக்கும் டாக்ஸி வேண்டியிருக்கும். முந்தின நாளே தொலைபேசியில் சொல்லி வையுங்கள், தெருவில் கை காட்டினால் இங்கே எதுவும் நிற்காது.